மாசியில்தான் லீவு

கலியாணத்துக்கு என் பெற்றோர் தந்த தன்னாமுனை வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேரவேண்டும். என்னவர் வந்து சேர்ந்த கையோடு கட்டாருக்குப் போய்விட்டார். வருசத்தில் ஒரு மாதம் லீவு. அம்மாவும் அப்பாவும் தங்கச்சி வீட்டில்.

எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. கழுத்தும் கறுத்துப்போனது. அழுக்கென்று நினைத்து அம்மா தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தார். தோல் எரிந்ததுதான் மிச்சம்.

கிளினிக் டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். “இன்சுலின் உங்களுக்குக் குறைவில்ல. உடம்பு அது சொல்றதக் கேக்குதில்ல. அதால இன்னும் கூடச் சுரந்து, சூலகத்தக் குழப்புது. முட்டைய முத்த விடுதில்ல. கழுத்து கறுத்ததும் அதாலதான்.” மெட்போமின் குளிசை தந்தார். சோற்றைக் குறைத்து, நன்றாக நடக்கச் சொன்னார்.

எனக்கு வந்த கோபம்! நெல் விளையும் ஊரில் பிறந்தவளுக்குச் சொல்லுகிற கதையா இது? குளிசை வயிற்றைப் பிரட்டியது. இருந்தும் பின்னேரங்களில் வாவிக்கரையால் நடந்தேன். “புரிசன் வெளிநாட்டில, இவ ஆரப் பாக்க நடக்கா?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டது என் காதுக்கே வந்தது. ஊர்வாயை மூட முடியுமா? நடந்தேன். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். இந்த வீட்டில் என் குரலைத் தவிர இன்னொரு குரல் கேட்கவேண்டும்.

மாதவிடாய் மெல்ல ஒழுங்குக்கு வந்தது. போன மாதம் ஸ்கான் பார்த்த டொக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“முட்டை நல்லா முத்தியிரிக்கு. இண்டைக்கோ நாளைக்கோ வெளிய வந்திரும். ரெண்டு பேரும் சேர்ந்திருங்க.”

“அவர் கட்டாரில, டொக்டர்.”

டொக்டர் என் வயிற்றைத் துடைக்கக் கடதாசி எடுத்துத் தந்தார்.

வாசலுக்கு வந்து போன் எடுத்தேன். என்னவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “மாசியில லீவு தந்திருவாங்க புள்ள. அதுவரைக்கும் முட்டையக் கவனமா வெச்சிரு.”

“எங்க வைக்கிற? பிரிஜ்ஜுக்குள்ளயா?” என்று சீறினேன்.

“நான் என்னகா செய்ய? எனக்கு மட்டும் ஆசையில்லையா?” என்றார். குரல் உடைந்திருந்தது. நானும் அழுதேன். அவருக்கு வேலைக்கு நேரமானது.

அடுத்த நாள் பின்னேரம் நடக்கும்போது அடிவயிற்றின் ஒரு பக்கம் சுருக்கென்றது. முட்டைதான் என்று தெரிந்தது. அப்படியே கரையில் குந்தி, வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு, வலி அடங்கும்வரை இருந்தேன்.