கொட்வினுக்கு யார்மேலும் நம்பிக்கையில்லை

“அண்ணை, நீங்கள் எந்த ஊர்?” என்று லண்டன் டூட்டிங் கடைத்தெருவில் யாராவது கேட்டால், கொட்வின் அன்றைக்கு வாயில் வரும் ஊரைச் சொல்லிவிடுவார். ஒருநாள் மானிப்பாய், மறுநாள் பருத்தித்துறை. “சும்மா ஆரும் ஊர் கேப்பினமே? கேக்கிறவனுக்கு ஒரு காரணம் இருக்கும்” என்பார்.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. அவரும் அக்கா பிரியம்வதாவும் கொழும்பில் கதை எழுதிக்கொண்டிருந்தவர்கள். ‘ஒரே நாடு, ஒரே தலைவர்’ என்று கூவியவர்களைக் கிண்டலடித்தார்கள். தம்பிக்கு ஆண்கள்மேல் காதல், அக்காவுக்குப் பெண்கள்மேல் காதல் என்பதையும் மறைக்கவில்லை. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அவர்கள் கதைகளை அச்சடித்த அச்சகம் எரிந்தது, இருவரும் கட்டிய துணியோடு விமானம் ஏறினார்கள். பதினாறு வருடமாக லண்டனில் புனைபெயரில்தான் எழுத்து. ஊரில் ஆசிரியராக இருக்கும் கடைசித் தம்பிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே!

இந்த வருடம் அக்கா பிடிவாதமாக நின்றாள். “காணுமடா, ஒளிஞ்சது. இந்தப் புத்தகம் எங்கட பேரில, எங்கட படத்தோடதான் வரும். ஊரில இருக்கிறவனே ஓம் எண்டிட்டான்.”

வெளியீட்டன்று கொட்வின் மேடையேறவில்லை. கதவோரம் நின்று ஒவ்வொரு முகமாக அலசினார். கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவனிடம் வந்ததும் பார்வை நின்றுவிட்டது. கடைசியாக நடந்த மூன்று இலக்கியக் கூட்டங்களுக்கும் வந்திருக்கிறான். பின்வரிசை, யாரோடும் பேச்சில்லை, தேநீர் வந்தால் நழுவிவிடுவான்.

“அக்கா, உவன் அச்சகத்தை எரிச்சவங்கட ஆள்தான். தம்பியைப் பற்றி ஒண்டும் வாய் விட்டிடாதை.”

“உனக்குப் பேய் வந்தாலும் ஐடி கார்ட் காட்டோணும்” என்று சிரித்தாள் அவள்.

அன்று அவன் நழுவவில்லை. எல்லோரும் போனபிறகு மேசைக்கு வந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். கொட்வின் பாய்ந்து மறித்தார்.

“ஆர் தம்பி உம்மை அனுப்பினது?”

அவன் புத்தகத்தைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டான். “ஒருத்தரும் இல்லை அண்ணை. நானும் உங்களைப் போலதான். ஹரோவில அம்மா அப்பாவோட இருக்கிறன். இதை வாசிக்கோணும் எண்டு ஆசை. ஆனா இந்த அட்டையை அவை கண்டா, நான் பிறகு வீட்டில இருக்க ஏலாது.”

கொட்வினுக்கு வெட்கமாகிவிட்டது. சந்தேகம் முழுதாகப் போய்விட்டதென்றும் சொல்ல முடியாது. கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“என்ன படிக்கிறீர்?”

“ஃபார்மசி.”

புத்தகக்கட்டைச் சுற்றி வந்த பழுப்புத்தாள் மேசையில் கிடந்தது. அதை நீவி, நாலு மூலையும் மடித்து, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல உறை போட்டார். அக்காவின் முகமும் அவர் முகமும் உள்ளே போயின. பிறகு பேனாவை எடுத்து, மேலே ஆங்கிலத்தில் ‘ஃபார்மசி, இரண்டாம் பாகம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.