வியன்னாவிலிருந்து பாரிஸுக்கு இரண்டு மணி நேரம்

முல்லைத்தீவுக் கனகா பதினோரு வருடமாகக் குவைத்தில் ஒரே வீட்டில் வேலை செய்கிறாள். அவள் கைபட்ட அடுக்களையில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. வெள்ளிக்கிழமை லீவில் நம்மூர்க்காரர்கள் அதிகம் இருக்கும் அப்பாசியாப் பேட்டைக்குப் போய்வரக்கூட வீட்டுக்கார மேடத்திடம் கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். கேளாமல் செய்வது களவு என்பது அவள் கட்சி. அந்த நல்ல புத்திதான் அவளைக் கெடுத்தது.

இந்தக் கோடையில் மேடம் குடும்பம் வியன்னாவுக்குக் கிளம்பியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கனகாவும் கூடப் போனாள். அவள் தங்கை தர்சினி இருப்பது பாரிஸில். சண்டைக் காலத்தில் பிரிந்தவர்கள். பதினாறு வருடமாகப் போனில்தான் முகம். ஒருதரம் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும், வேறொன்றும் வேண்டாம் இருவருக்கும்.

"ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் அக்கா, பிளைட்டில ரெண்டு மணித்தியாலம். சனிக்கிழமை காலமை வாறன். நீ ஹோட்டல் வாசலுக்கு மட்டும் வா," என்றாள் தர்சினி.

அப்பாசியாவில் சமையல் வேலை பார்க்கும் மதுரைக்காரி ராக்கம்மா புறப்படும்போதே எச்சரித்திருந்தாள். "அடியே, அந்தம்மாகிட்ட மூச்சு விட்டுறாத. அங்கன போயி ஓடிப்போனவளுக எத்தன பேரு! ஒன்னையும் அப்பிடித்தான் நெனைக்கும்."

கேட்டாளா? நுணலும் தன் வாயால் கெடும். வியாழக்கிழமை, மேடம் காபி குடிக்கும் நேரம் பார்த்து, தங்கையைச் சந்திக்க ஒரு மணி நேரம் அனுமதி கேட்டாள். மேடம் கோபப்படவில்லை. எங்கிருந்து வருகிறாள், எத்தனை மணி விமானம் என்று வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறமாதிரி விசாரித்தாள். இந்தப் பேதை பூரித்துப்போய் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேடம் வந்து எழுப்பினாள். "பெட்டியைக் கட்டு. யல்லா, சீக்கிரம்." கனகாவின் போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பாஸ்போர்ட் எப்போதும் அங்கேதான். விமானம் மேலே ஏறிய பிறகு பக்கத்தில் இருந்த மேடத்தின் சின்ன மகள்தான் சொன்னாள்: "கனகா, வி ஆர் கோயிங் டு பாரிஸ். ஒன்லி டூ அவர்ஸ்."

அதே நேரத்தில் தர்சினி எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தாள்.

பாரிஸில் அன்று முழுக்கக் கடைகள். பைகளைச் சுமந்தபடியே ஒரேயொரு தடவை போனைத் தரச்சொல்லிக் கெஞ்சினாள். "குவைத்தில் தருகிறேன்," என்றாள் மேடம். இரவு விமானத்தில் குவைத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போனை நீட்டிய மேடம், "உன் தங்கை ஊரையே காட்டிவிட்டேன். ஒரு நன்றி உண்டா?" என்று கேட்டாள்.

"தாங்க்யூ மேடம்," என்றாள் கனகா.

போனில் நாற்பத்தோரு தவறிய அழைப்புகள். தர்சினி சாயங்காலம்வரை அந்த வாசலிலேயே நின்றிருக்கிறாள். கடைசியாக எழுதியிருந்தாள்: "அறையை விட்டுப் போயிட்டினம் எண்டு சொல்லுறாங்கள். என்னைப் பாக்க விருப்பமில்லையெண்டா முதலே சொல்லியிருக்கலாம் அக்கா."

கனகா உடனே கூப்பிட்டாள். மூன்று மாதமாகக் கூப்பிடுகிறாள். தர்சினி எடுப்பதில்லை.