காப்பியின் வண்ணம்

அண்ணன் செத்த வருஷம் நானும் அவனைப் போலவே உடம்பு பருத்து ஊதிக்கொண்டிருந்தேன். தக்கலையில் எங்களுக்கு ஜவுளிக்கடை. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் இரண்டு பேரும் எழுந்திருப்போம். ஒருநாள் துணிப்பொதி ஒன்றைத் தூக்கப் போனவன் மூச்சு வாங்கி அதன் மேலேயே சாய்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் கடைப்படி ஏறினாலே எனக்கும் இரைக்க ஆரம்பித்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்தவள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணன் காரியத்தன்று அவன் மனைவி, என் மயினியின் பக்கத்திலேயே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் பார்த்தவள். அழாத குறையாக என்னை நாகர்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம் அது. டாக்டர் திருவனந்தபுரத்துக்காரர், தமிழையும் மலையாளத்தையும் ஒன்றாகக் கலந்து பேசுவார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், காலை அமுக்கிப் பார்த்தார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் மருந்து வாங்க வெளியே வந்தபோது அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கேட்டேன்.

"காப்பியில இருந்து மாத்தணும்னு சொன்னாக. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன்.

மறுநாளிலிருந்து காப்பி மாறியது. அதுவரை எங்கள் வீட்டுக் காப்பி கறுப்பாக இருக்கும். கருப்பட்டி போட்டு, பேருக்குக் கொஞ்சம் பால். இப்போது பால் கூடிக்கொண்டே போனது. பசும்பால் போதவில்லையென்று எருமைப்பாலுக்குச் சொல்லி வைத்தாள். அதுவும் திருப்தியில்லாமல் தேங்காய் துருவி, தலைப்பாலைப் பிழிந்து ஊற்றினாள். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், முகம் சுளிப்பாள், இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். சீக்காளிக்குப் பால் கொடுப்பது எங்கும் உள்ளதுதானே என்று நானும் மடமடவென்று குடித்தேன். பொய் சொல்வானேன், அமிர்தமாக இருந்தது.

ஆனால் இரைப்பு அடங்கவில்லை. சட்டைப் பொத்தான் மாட்ட முடியவில்லை. நான் பருக்கப் பருக்க அவள் துரும்பாக இளைத்தாள். மறுபடியும் டாக்டரிடம் போனோம். தராசில் ஏற்றிப் பார்த்தவர் அவளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஞான் என்ன சொன்னேன்? வண்ணம் குறைக்கணும், காப்பி முதல் தொடங்கணும்னு சொன்னேன் இல்லியா? இது கூடியல்லோ இருக்கு."

"கொறைச்சுத்தான் போடுதேன் டாக்டர்" என்றாள் அவள். "இப்பம் பொடி போட்டதே தெரியாது. அவ்வளவு வெளுப்பா இருக்கு."

எனக்குத்தான் முதலில் விளங்கியது. எங்கள் பக்கத்தில் வண்ணம் என்றால் உடம்புப் பருமன். அவள் ஊரில் அது நிறம். டாக்டர் என் உடம்பைக் குறைக்கச் சொன்னார். அவள் காப்பியை வெளுக்க வைத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் என் அம்மா, "மவன் நல்லா வண்ணம் வச்சிட்டான்" என்று பெருமையடித்தபோது, இந்தக் கறுப்பன் எங்கே வெளுத்தான் என்று குழம்பினாளாம். அதைப் பிறகு சொன்னாள். அங்கே நான் சிரித்துவிட்டேன். டாக்டரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வருகையில் பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாள்: "ஒங்கள நானே கொல்லப் பாத்திருக்கேன்."

"பாஷை வேற. அதுக்கு நீ என்ன செய்வே?" என்றேன்.

அதன்பின் யார் சொல்லையும் அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வரும் எந்தப் பாலிலும் ஒரு சொட்டு எடுத்துப் பழைய பத்திரிகைத் தாளில் விட்டுக் காயவைப்பாள். கொழுப்பு இருந்தால், காய்ந்ததும் தூக்கிப் பிடிக்கையில் எண்ணெய்க் கறை தெரியும். எருமைப்பால் அன்றைக்கே நின்றது. தேங்காயில் தலைப்பாலைத் தள்ளிவிட்டு இரண்டாம் பாலைப் பார்த்தாள். தாள் கண்ணாடி மாதிரி ஆனது. ஆட்டுப்பாலும் அப்படியே. கடைசியில் பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஏட்டை எடுத்து, மறுபடியும் காய்ச்சி மறுபடியும் எடுத்தாள். அந்தப் பால்தான் தேறியது. எடுத்த ஏடெல்லாம் அம்மாவுக்குப் போனது. அம்மாவுக்கு மருமகள் மேல் அப்போதுதான் பிரியம் வந்தது.

எனக்குக் கிடைத்த காப்பி சாம்பல் நிறத்தில் இருந்தது. கருப்பட்டியும் பாதியாகியிருந்தது.

"இது காப்பியா, கழனித்தண்ணியா?" என்று ஒருநாள் டம்ளரை நங்கென்று வைத்தேன்.

"கழனித்தண்ணிதான். உசுரோட இருந்து ஏசுங்க" என்றாள். அவளும் அதையேதான் குடித்தாள். ஏற்கெனவே துரும்பாக இருந்தவளுக்கு அது எதற்கு என்று கேட்டால் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விடுவாள்.

கோபத்தோடு குடித்துக்கொண்டே மெலிந்தேன். இரைப்பு குறைந்தது, நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அண்ணன் சாய்ந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆடி கழிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் அவள் கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். கருங்கல் ஊரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மாள் சேலை பார்த்துக்கொண்டிருந்தவள், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்களுக்க வீட்டுக்காரருக்கு என்ன சொகக்கேடு? வண்ணம் ஒரேயடியா கொறஞ்சு போச்சே."

என் மனைவி தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா மெலிஞ்சிட்டாகன்னுதானே அர்த்தம்?"

"பின்னே? பாதி ஆளா இருக்காரே, பாவம்."

அண்ணனின் இடம் என்று யாரும் உட்காராத அந்த மூலையில் போய் அவள் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த அம்மாள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். இந்த ஆள் அதிக நாள் தாங்க மாட்டான் என்று நினைத்திருப்பாள். தாங்குவேனா என்று எனக்கும் தெரியாது.

"எக்கா" என்றாள் என் மனைவி, கண்ணைக்கூடத் துடைக்காமல். "இன்னொருக்கா சொல்லுங்க."