ரஷ்யா கட்சி மாறிய ஞாயிறு

என் மனைவியின் அண்ணன் பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பிரான்சாக இருந்தார்.

ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். ஊரின் மறுகோடியில், வானவடியில் தனியாக இருந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவருடைய ஸ்கூட்டர் ஔந்தில் எங்கள் கட்டடத்தின் கீழே வந்து நிற்கும். அதற்குள் சாப்பாட்டு மேசையின் மீது நான் ஐரோப்பாவை விரித்து வைத்திருப்பேன்.

படைக்கலத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் போர் ஆட்டத்துக்காக 1805ஆம் ஆண்டின் எல்லைகளை ஒட்டுப்பலகையில் நானே வரைந்தேன். படைகளுக்குச் சட்டைப் பொத்தான்கள். பிரான்சுக்கு நீலம், ஆஸ்திரியாவுக்கு வெள்ளை, ரஷ்யாவுக்குப் பச்சை, இங்கிலாந்துக்குச் சிவப்பு. பிரஷ்யாவின் சீருடை கருநீலம். அந்த நிறத்தில் பொத்தான் அமையாததால் கறுப்பு. எதிரியின் பொத்தானை யாரும் தொடக்கூடாது, நேச நாடு தொடலாம் என்று விதிகளும் எழுதினேன். ஆஸ்திரியாவும் இங்கிலாந்தும் எனக்கு. ரஷ்யாவும் பிரஷ்யாவும் என் மனைவிக்கு. நேச நாடே இல்லாத பிரான்ஸ், அவருக்கு.

பிரான்சை எதிர்த்த கூட்டணிகளை ஏழு என்று எண்ணுவது வழக்கம். படிக்கப் படிக்க, அவற்றில் ஒன்றுகூட ஒழுங்காகக் கூடி நின்றதில்லை என்பது தெரியும். 1805இல் ஆஸ்திரியா அடிபட்டபோது பிரஷ்யா வேடிக்கை பார்த்தது. 1806இல் பிரஷ்யா அடிபட்டபோது ஆஸ்திரியா வேடிக்கை பார்த்தது. 1810இல் ஆஸ்திரியா தன் இளவரசியையே பிரெஞ்சுப் பேரரசனுக்குக் கட்டிக்கொடுத்தது. 1813 ஆகஸ்டில் அந்த மருமகன் மேலேயே போர் தொடுத்தது.

இந்த இடம் வரும்போதெல்லாம் மச்சான் சிரிப்பார். "அங்க பொண்ணக் குடுத்தவன் அடிச்சான். இங்க தங்கச்சியக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை தவறாம நான் அடி வாங்குறேன் மாப்ள."

"வாங்குண்ணே, வாங்கு. சின்ன வயசுல என்னைய அடிச்சதுக்கு," என்பாள் என் மனைவி.

போன மழைக்காலத்தில் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். ஸ்கூட்டர் நின்று ரிக்‌ஷாவில் வரத் தொடங்கினார். பொத்தான்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் படை. அவர் கை பட்டதும் அடுக்கு சரியும், பக்கத்து நாட்டையும் சாய்க்கும். "இன்னிக்கிக் காத்து ஜாஸ்தி," என்பார். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்காது. தரையில் உருண்ட பொத்தான்களை எடுக்க நாங்கள் குனிந்தால் விதியைச் சொல்லித் தடுத்துவிடுவார். முட்டி போட்டு அவரே பொறுக்குவார். ஆட்டம் பாதியிலேயே முடியத் தொடங்கியது.

"அண்ணன் மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று ஒருநாள் சமையலறையில் மனைவி கிசுகிசுத்தாள். "இப்பிடியே போனா வர்றத நிறுத்திரும். ரெண்டு ஆட்டம் ஜெயிக்கட்டும்."

அடுத்த இரண்டு ஞாயிறும் பிரான்ஸ் வென்றது.

மூன்றாம் ஞாயிறு, மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் என் குறிப்பேட்டைப் புரட்டினார். எல்லா ஆட்டங்களையும் அதில் எழுதி வைப்பேன். எந்தெந்த நாடு எந்த மாதம் எந்தப் பக்கம் என்று ஒரு வரி, வரலாற்றில் உண்மையில் நடந்தது பக்கத்தில் ஒரு வரி. விட்டுக்கொடுத்து ஆடத் துணிந்த எனக்கு அதைப் பொய்யாக எழுதக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தேன்.

"1813 ஆகஸ்டு, ஆஸ்திரியா நடுநிலை," என்று உரக்கப் படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் அதே வரி. "பதினோரு வருசத்துல ஒரு ஆகஸ்டையாவது நீங்க விட்டதுண்டா மாப்ள?"

நான் குறிப்பேட்டை மூடக் கை நீட்டினேன்.

"ஆடுறது கைதான். கண்ணு நல்லாத்தான் இருக்கு."

டீக்குக் காத்திராமல் எழுந்து போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் செய்தால் இடுப்பு வலி என்றார். என் மனைவி பத்து மணிக்குப் பால்கனியில் போய் நிற்பதும், உள்ளே வந்து துணி மடிப்பதுமாக இருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு, "கெளம்புங்க. பலகையத் தூக்குங்க," என்றாள்.

ரிக்‌ஷாவில் பலகை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. இது என்ன என்று ஓட்டுநர் மராத்தியில் கேட்டார். "யூரோப்," என்றாள் அவள்.

கதவைத் திறந்த மச்சான் எங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "நான் ஆடல. யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மேசை மேலிருந்த மாத்திரை டப்பாக்களை நகர்த்திப் பலகையை வைத்தாள். எப்போதும் என் பக்கத்தில் உட்காருபவள், நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கி 1807லருந்து ஆட்டம். ரஷ்யா பிரான்சோட சமாதானம்."

எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. 1807 ஜூன் 25. நதியின் நடுவே கட்டிய மிதவையில் இரண்டு பேரரசர்களும் சந்தித்தார்கள். அதன்பின் ஐந்து ஆண்டுகள் ரஷ்யா பிரான்சின் நேச நாடு. நேச நாடு பொத்தானைத் தொடலாம். விதி நான் எழுதியதுதான்.

அவருக்கும் புரிந்துவிட்டது. நடுங்கும் கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"1812ல கழுத்தறுப்ப."

"அத 1812ல பாத்துக்கலாம்ணே. நீலத்த எங்க வைக்கணும்? அதச் சொல்லு."

அவர் என்னிடம் திரும்பினார். "மொதல்ல அந்த ரெண்டு ஜெயிப்பையும் அடிங்க மாப்ள."

பொத்தான் பையோடு கொண்டுவந்திருந்த குறிப்பேட்டை எடுத்து இரண்டு பக்கத்திலும் குறுக்குக் கோடு போட்டேன். தலையை நீட்டிச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு, "வியன்னாவுக்கு மேக்க ஆறு பொத்தான். அங்க இல்ல பாப்பா, ஆத்துக்கு இந்தப் பக்கம்," என்றார். அவள் அடுக்கினாள். அடுக்கு நின்றது.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இருந்தும் 1809க்குள் வெள்ளைப் பொத்தான்கள் தீர்ந்தன. எஞ்சிய சிவப்பை வைத்துக்கொண்டு கடலில் தனியாகச் சுற்றினேன். சுபேதாரின் பழைய குரல் அறைக்குள் கேட்டது. நடுவே இரண்டு முறை அவள் தலையில் குட்டினார், நடுங்கிய கையாலேயே.

1812 ஜூன் வந்தது. தேதியில் கறாராக இருப்பது என் பழக்கம். "ரஷ்யா இப்பக் கட்சி மாறணும்," என்று நினைவூட்டினேன்.

நீலப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனின் அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தவள் நிமிரவே இல்லை.

"உங்க வேலையப் பாருங்க," என்றாள்.