காளிமுத்து சொல்லாத ‘நோ’

காளிமுத்துவுக்கு நான் இரண்டு கெடுதல் செய்தேன். அவரைக் கேட்காமலே அவருடைய வருமான வரிக் கணக்கைப் புதிய ரெஜிமுக்கு மாற்றினேன். பிறகு, அது டெல்லி செய்த வேலை என்று அவரிடம் பொய் சொன்னேன். முதலாவதைச் சோம்பலில் செய்தேன். இரண்டாவதை நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

நான் அந்தமானில், போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் அக்கவுண்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எம்.காம். படித்தவன். மேஜைமேல் இருக்கும் பெயர்ப் பலகையில் அந்தப் பட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று மனுக் கொடுத்து, அது நிராகரிக்கப்பட்டவன். காளிமுத்து அங்கே ஜீப் டிரைவர். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஊருக்குள்ளேயே புரோத்ராபூரில் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவர். ஆபீஸ் கொடுக்கும் வரிச் சான்றிதழான ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் அதை மடித்து பீரோவில் வைத்துவிடுகிற புது ஊழியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஜனவரி

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி மாதம் வரி டிக்ளரேஷன் தாளில் எல்லோரும் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு, ரசீதுகளைப் பின் செய்து, என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். “ஆப் ஹி பர் தீஜியே, படா பாபு.” நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், பெரிய பாபு என்று அர்த்தம். வங்காளி, தெலுங்கர், தமிழர் எல்லோரும் ஒற்றுமையாக இருந்த ஒரே விஷயம் இதுதான். எனக்கும் பெருமையாக இருந்தது. சர்க்கார் மாப்பிள்ளை மாதிரி தலையாட்டுவேன்.

அந்த வருடம், எதையும் சொல்லாதவர்களுக்குப் புதிய ரெஜிம், அதாவது புதிய வரி முறைதான் என்று விதி வந்திருந்தது. புதியதில் வரி விகிதம் குறைவு, ஆனால் வீட்டுக் கடன் வட்டி, இன்சூரன்ஸ் எதையும் கழிக்க முடியாது. பழையதில் விகிதம் அதிகம், ஆனால் இவற்றைக் கழிக்கலாம். என் கண்ணுக்கு வேறொரு வித்தியாசம்தான் பட்டது. பழையது என்றால் ஒவ்வொரு ரசீதையும் நான் சரிபார்க்க வேண்டும். புதியது என்றால் ஒன்றும் வேண்டாம். ஜூனில் ரிட்டையர் ஆகப் போகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? எல்லோரையும் புதியதில் தள்ளினேன். பெரும்பாலோருக்கு அதுதான் லாபமும். அந்தத் தெம்பில் ஒருவரையும் கேட்கவில்லை. காளிமுத்து கொடுத்திருந்த வங்கி வட்டிச் சான்றிதழ் என் மேஜையில்தான் கிடந்தது. அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்தேன்.

பிப்ரவரி

மாதாமாதம் பிடிக்க வேண்டிய வரியைப் பிப்ரவரியில் ஒரேயடியாகப் பிடிப்பது என்னுடைய இன்னொரு சௌகரியம். அதுவரை வரியே கட்டிப் பழகாத காளிமுத்து, சம்பளம் வந்த மெசேஜைக் காட்டிக்கொண்டு வந்தார்.

“சார், மிச்சச் சம்பளம் எங்க சார்?”

“டாக்ஸ், காளிமுத்து.”

“எனக்கு ஏது சார் டாக்ஸ்? வீட்டு லோன் கட்டுறேன்ல?”

“புது ரெஜிம். டெல்லியில மாத்திட்டாங்க.”

“டெல்லிக்காரனுக்கு என்னையத் தெரியுமா சார்?”

“கம்ப்யூட்டருக்கு எல்லாரையும் தெரியும்.”

அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “மார்ச்ல அக்கா மகளுக்குக் காதுகுத்து சார். நாந்தான் தாய்மாமன். எம் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். தோடு எடுக்கணும், பட்டு எடுக்கணும், டிக்கெட்டு வேற.”

“அடுத்த வருஷம் வச்சுக்கச் சொல்லுங்களேன்.”

எம்.காம். படித்தவன் சொன்ன யோசனை இது. “டீக் ஹை, சரி சார்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சில நாளில் அவருடைய லீவு ரத்துக் கடிதம் என் மேஜை வழியாகப் போனது. இனிஷியல் போட்டு அனுப்பினேன். வெறுங்கையோடு தாய்மாமன் போக முடியாது. பரமக்குடியில் அந்தக் குழந்தையை ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள்.

ஜூன்

ரிட்டையர் ஆகிறவரை மாலையோடு ஆபீஸ் ஜீப்பில் வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்கள் மரியாதை. ஜீப்பை ஓட்டியவர் காளிமுத்து. மடியில் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“சார், ஃபார்ம் சிக்ஸ்டீன் குடுத்தீங்கள்ல? எங்க வீட்டுல செல்வி உக்காந்து படிச்சா.”

ஃபார்ம் 16-ல் இரண்டு பாகம். முதல் பாகம், உங்களிடம் பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்டதா என்று சொல்லும். இரண்டாம் பாகம், சம்பளம் என்ன, எதைக் கழித்தார்கள், வரி எப்படி வந்தது என்று சொல்லும். அதில் ஒரு கேள்வி இருக்கும்: ஊழியர் புதிய ரெஜிமிலிருந்து விலகுகிறாரா? காளிமுத்துவின் தாளில் அதற்கு எதிரே ‘நோ’.

“‘உங்களக் கேட்டிருக்காங்க, நீங்க நோ சொல்லியிருக்கீங்க’ங்குறா. நான் எப்ப சார் சொன்னேன்?”

கழுத்தில் மாலை உறுத்தியது. இன்னொரு பொய் தோன்றவில்லை.

“நான்தான் சொன்னேன், காளிமுத்து.”

ஜீப்பை ஓரம் கட்டினார். “அப்ப டெல்லி?”

“டெல்லிக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் திட்டியிருக்கலாம். “அக்கா இன்னும் என் ஃபோன எடுக்க மாட்டேங்குது சார்” என்று மட்டும் சொன்னார். பிறகு கியரைப் போட்டு, என்னை வீட்டில் இறக்கி, கடிகாரத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை

ஆபீஸ் எந்த ரெஜிமில் வரி பிடித்திருந்தாலும், கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஊழியர் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். பிடித்தது திரும்பி வரும். இது எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று சொல்லவில்லை.

மழையில் பஸ் பிடித்துப் புரோத்ராபூர் போனேன். வாசலில் அவர் மனைவி செல்வி நின்றிருந்தார்.

“வாங்க டெல்லிக்காரரே. மேலேருந்து ஆர்டர் வந்துச்சா?”

ஆபீசிலிருந்து வாங்கி வந்திருந்த, டீ கிளாஸ் கறை படிந்த சான்றிதழைப் பார்த்து ரிட்டர்னை நிரப்பினேன். செல்வி ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்த பிறகுதான் ஓ.டி.பி. சொன்னார். போகும் முன் காளிமுத்துவின் அக்காவோடு பேச வேண்டும் என்று கேட்டேன். செல்வியின் ஃபோனில் கூப்பிட்டார்கள். தப்பு முழுக்க என்னுடையது, தம்பி வேண்டுமென்றே வராமல் இருக்கவில்லை என்று சொன்னேன்.

“படிச்சவுகதான நீங்க?” என்றது அந்தக் குரல். “சரி, எம் மகளுக்குத் திரும்ப ஒருக்கா காது குத்தி விடுவீகளா?”

காளிமுத்து என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டார். அந்தம்மா வைத்துவிடவில்லை. அவர்கள் பேசட்டும் என்று நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ரீஃபண்ட் வந்தது. அதில் தோடு எடுத்துக்கொண்டு அவர் கப்பலில் ஊருக்குப் போய் வந்தார். குழந்தை அதைப் போட்டுக்கொண்டதாம், ஆனால் இவர் மடிக்கு மட்டும் வரவில்லையாம். முகம் பழகவில்லை.

அடுத்த ஜனவரியில் காளிமுத்து என்னை ஆபீசுக்கு அழைத்துப் போனார். ஃபார்ம் 16-ஐ எப்படிப் படிப்பது, எந்த ரெஜிம் யாருக்கு லாபம் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சொன்னேன். எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், என்னைப் போன்றவர்களிடம் வெறும் தாளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். நடுவில் ஒருவர் பழக்க தோஷத்தில் தன் தாளை என் பக்கம் நீட்டினார்.

“அரே பாயி, சார் வாயால மட்டும் சொல்வாரு” என்று காளிமுத்து என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேனா இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.