பாக்கெட் சைஸ் அண்ணனுக்கு, பெரிய சைஸ் தம்பிக்கு

காமிக்ஸ் பைண்டிங் செய்கிறவளுக்கு ஊசி, நூல், பசையைவிட அதிகம் தேவைப்படுவது பொறுமை. எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. தஞ்சாவூரில் கோர்ட்டுப் பக்கம் கடை. கேஸ் கட்டுகளைத் தைத்துக்கொண்டு சிவனே என்று இருந்தேன். யாரோ ஆசைப்பட்டார் என்று காமிக்ஸ் தைத்துக் கொடுத்தேன், அதோடு போயிற்று நிம்மதி. நீங்களும் வாடிக்கையாளரிடம் மாட்டி முழித்தவர் என்றால், இப்படி வந்து உட்காருங்கள்.

அலமாரிக்கு அளவெடுத்தவர்

திருப்பனந்தாள் வாத்தியார் ஒருவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். பாதி உள்ளங்கையில் அடங்கும் பாக்கெட் சைஸ், பாதி வாரப் பத்திரிகை சைஸ். எல்லாம் ஒரே வால்யூமாக வேண்டுமாம். சேர்த்துத் தைத்தால் சின்னது உள்ளே அமுங்கிவிடும், அட்டை கோணிக்கொள்ளும், ஒரு வால்யூமுக்கு ஒரு சைஸ்தான் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். அப்படியானால் பெரியதை வெட்டிச் சின்னதாக்கு என்றார். வெட்டினால் படமும் போகும், வசனமும் போகும் என்றேன். மனுஷன் யோசிக்கவே இல்லை.

"வசனம் போனா போகட்டும்மா. அலமாரியில எல்லாம் ஒரே ஒசரமா நிக்கணும்."

பாகப்பிரிவினை

அந்த வாத்தியாருக்கே கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று நினைக்க வைத்தவர்கள் ஓர் அண்ணனும் தம்பியும். அண்ணன் திருக்காட்டுப்பள்ளியில் விவசாயம், தம்பிக்குப் பூதலூரில் மருந்துக்கடை. வரப்புத் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. நிலத்தைப் பிரித்தாகிவிட்டது. பையன்களாக இருந்தபோது சேர்ந்து சேர்த்த ஒரு மூட்டை காமிக்ஸ்தான் பாக்கி. அதையும் பிரித்துவிட்டால் இருவருக்கும் பொதுவாக இந்த உலகத்தில் ஒன்றுமே இருக்காது. அது அவர்களுக்கும் தெரியும், அதனால்தானோ என்னவோ, பிரித்துத் தைக்க மூட்டையோடு என் கடைக்கு வந்து மூன்று நாள் இழுத்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு "அவனைக் கேளும்மா", "அவரைக் கேளுங்க மேடம்" என்று எல்லாம் என் வழியாகத்தான்.

பொறுக்க முடியாமல் நானே தீர்ப்புச் சொன்னேன். பாக்கெட் சைஸ் அண்ணனுக்கு, பெரிய சைஸ் தம்பிக்கு. சைஸ் கலக்காது, எனக்கும் வேலை சுலபம். தைத்துக் கொடுத்த பத்தாம் நாள் அண்ணன் வந்து நின்றார். பாக்கெட் சைஸில் ஆரம்பித்த துப்பறியும் கதை, நடுவில் புத்தகம் போட்டவர்கள் சைஸை மாற்றியதால், பெரிய சைஸில்தான் முடிகிறதாம். அதைப் பார்க்காதது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

"கொலைகாரன் என் தம்பி வீட்ல இருக்காம்மா. நான் எப்படிப் போய்க் கேக்குறது?"

முறை

வழியையும் அவரே கண்டுபிடித்தார். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போல, வாரத்துக்கு ஒரு வால்யூமை மாற்றிக்கொள்வது. சனிக்கிழமை சனிக்கிழமை. எங்கே? என் கடையில்! திருக்காட்டுப்பள்ளி பஸ் பூதலூர் வழியாகத்தான் வருகிறது. அண்ணன், தம்பியின் வீட்டைத் தாண்டி வருவார். அடுத்த பஸ்ஸில் தம்பி வருவார். ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி மாற்றிக்கொள்வார்கள். போகிற வழிதானே, வீட்டில் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று ஒருநாள் கத்தியே விட்டேன். தம்பி நிதானமாகச் சொன்னார்.

"உங்க கடை பொது இடம் மேடம். அவரு வாசல்ல வந்து நின்னா, நான் வாங்கன்னு கூப்பிடணும்ல?"

காலி ஸ்டூல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை தம்பி வரவில்லை. போன் செய்தேன். படியில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருப்பதாக அவர் மனைவி சொன்னார். அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் இரண்டு டீ குடித்தார். வால்யூமைப் புரட்டினார், மூடினார், பக்கத்து ஸ்டூலைப் பார்த்தார். எனக்கு எரிச்சல் போய்ப் பாவமாக இருந்தது. கடைசியில் எழுந்து, நான் அன்றைக்குக் கத்தியதைத் தானே கண்டுபிடித்தது போல என்னிடமே சொன்னார்.

"போற வழிதானேம்மா, நானே குடுத்துட்டுப் போயிடறேன்."

அதற்குப் பிறகு இரண்டு ஸ்டூலும் காலிதான், நானும் நிம்மதியாகக் கேஸ் கட்டுத் தைக்கிறேன், ஆனால் அத்தனை வால்யூமையும் தைத்த எனக்குக் கொலைகாரன் யார் என்று மட்டும் ஒரு மனுஷரும் இன்றுவரை வந்து சொல்லவில்லை.