காணாது என்றால் இல்லை என்றல்ல

எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்றால் சித்தப்பாதான். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கவும் அவர், படிவம் நிரப்பவும் அவர். போரில் இடம்பெயர்ந்தபோது தெல்லிப்பழையில் நாங்கள் விட்டு வந்த காணியைத் திரும்பக் கேட்டு அப்பா கொடுத்த விண்ணப்பம், மேலே சிவப்பு மையில் ஒற்றை ஆங்கிலச் சொல்லோடு திரும்பி வந்தபோதும் அவரிடம்தான் நீட்டினோம்.

"இன்சஃபிஷியன்ட். சரிவராதாம். உதை இனி மறவுங்கோ அண்ணை," என்றார்.

அப்பா புத்தூர் வாடகை வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காணியைப் பற்றிக் கதைக்காமல் அவர் ஒருநாளும் சோறு தின்றதில்லை.

எனக்குப் பத்து வயது, அடங்காத வாய். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த அகராதியைப் புரட்டினேன். 'போதாத, குறைவான' என்றிருந்தது; எங்கள் பேச்சில் 'காணாது'. விளக்கெரிய எண்ணெய் போதாது என்று உதாரணமும் இருந்தது. எண்ணெய் போதாவிட்டால் விளக்கையா தூக்கி எறிவோம்?

"சித்தப்பா, ஏதோ காணாது எண்டுதான் எழுதியிருக்கினம். என்ன காணாதெண்டு கேட்டனீங்களோ?"

"உவளின்ரை வாயைப் பார்!" என்றார் சித்தப்பா. ஆனால் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் அப்பாவை இழுத்துக்கொண்டு, விண்ணப்பம் கொடுத்த கந்தோருக்குப் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "காணி உங்கடைதான் எண்டு காட்டுற உறுதிப் பத்திரம் துலைஞ்சு போச்செண்டு எழுதியிருக்கிறியள். பக்கத்துக் காணிக்காரரின்ரை உறுதியிலை உங்களைப் பற்றி ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ, போதும்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போலிருந்தது. தெல்லிப்பழையில் எங்கள் கிணறு பங்குக் கிணறு. ஒருநாள் எங்களுக்கு, மறுநாள் பக்கத்துக் காணிக்காரரும் அப்பாவின் ஒன்றுவிட்ட தமையனுமான பெரியப்பாவுக்கு என்று முறை வைத்துத்தான் இறைப்பார்கள். அவருடைய உறுதியில் எங்கள் பங்கும் எழுதியிருக்கும். அவர் தன் காணிக்கு எப்போதோ திரும்பிப் போய்விட்டார்.

"அந்தாளின்ரை படலை வாசலை நான் மிதியன்," என்றார் அப்பா. முன்னொரு காலத்தில் எங்கள் முறை நாளில் பெரியப்பா தன் வெங்காயத்துக்கு இறைத்துவிட்டாராம். அன்றோடு பேச்சில்லை.

நான் விடவில்லை. அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்; நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

படலையில் நின்ற பெரியப்பாவைக் கண்டதும் அப்பா குனிந்து சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினார். நான்தான் சொன்னேன்: "பெரியப்பா, நாங்கள் குடுத்த கடதாசி காணாதாம். உங்கடை உறுதி வேணும்."

அவர் உள்ளே போய் உறுதியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தார். "இதுக்கு இவ்வளவு காலமோடா?" என்று மட்டும் கேட்டார்.

காணி கிடைத்தது! ஒரு மாதம் என் கால் நிலத்தில் படவில்லை. "எங்கடை பெட்டைதான் வாசிச்சுக் கண்டுபிடிச்சது," என்று சித்தப்பாவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

முதன்முதலாக இறைத்த நாள் எங்கள் முறை. அப்பா மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி, தண்ணீரைப் பெரியப்பாவின் வெங்காயத்துக்குத் திருப்பிவிட்டார்.

"அப்பா, இண்டைக்கு எங்கடை முறையெல்லோ!" என்று கத்தினேன்.

"ஓம்," என்றார் அப்பா.

வென்ற காணிக்கு வந்த முதல் தண்ணீரை ஏன் அவருக்குக் கொடுத்தார் என்று எனக்கு விளங்கவேயில்லை. அன்றைக்குப்போல அப்பா சிரித்து நான் அதற்கு முன்னர் கண்டதுமில்லை.